மாதா பலகைக்கு வரி உண்டா?

1

1939-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம், முப்பத்திரண்டாவது பிரிவு. பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்குப் பொருந்தாதபடி ஒரு வாகனத்தில் மாற்றம் செய்தால், சொந்தக்காரர் பதினான்கு நாட்களுக்குள் அதைப் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அதிகாரி சான்றைத் திருத்தித் தர வேண்டும். பதினான்கு நாள் என்பது சொந்தக்காரருக்கு மட்டும். அதிகாரி எத்தனை நாளுக்குள் திருத்த வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சட்டத்தை எழுதியவரும் ஓர் அதிகாரி என்பதால் இதில் வியப்புக்கு இடமில்லை.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் இந்தப் பிரிவை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நம் இலங்கைத் தீவில் சட்டத்தின் எண் வேறு, அலட்சியம் ஒன்றுதான். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கச்சேரியில் லிகிதராக, இந்த ஊர்ப் பேச்சில் குமாஸ்தாவாக, இருந்து, கடைசி ஒன்பது வருடம் மோட்டார் வரிப் பகுதியில் தலைமை நாற்காலியில் இருந்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

தூத்துக்குடித் துறையில் நான் தோணியிலிருந்து இறங்கி இந்த வாரத்தோடு மூன்று வருடம். மனைவி இறந்த பிறகு, இந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட என் ஒரே மகள் கூப்பிட்டாள் என்று வந்தேன். காலையில் மாதா கோயில் பூசை, பிறகு கடற்கரை ரோட்டில் நடை, பிறகு தெருவில் யாருக்காவது மனு எழுதிக் கொடுப்பது. இந்த ஊரில் மனு எழுதுகிறவர்கள் முதல் பக்கம் முழுவதும் அதிகாரியைப் புகழ்கிறார்கள். விஷயம் இரண்டாம் பக்கத்தின் அடியில் வருகிறது. அதிகாரி முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்.

பேத்தி ஸ்டெல்லா பிறந்தது யாழ்ப்பாணத்தில், என் வீட்டில். நான் வந்த புதிதில் என்னை "அப்பு" என்றாள். இப்போது "தாத்தா". நேற்று மூன்று வருடக் கணக்கை அவளிடம் சொன்னேன்.

"அப்ப நீங்க எப்ப உங்க ஊருக்குப் போவிய?" என்று கேட்டாள்.

உங்க ஊர் என்றாள். மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். எப்போது போவேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் இந்த வருடம் ஏன் போகவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. அது ஒரு பலகை.

2

மருமகன் சேவியருக்கு மீன் தொழில். திரேஸ்புரத்தில் வள்ளக்காரரிடம் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் புதுக்கோட்டைக்கு அனுப்புவார். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்த வண்டிகளை ஏலம் விட்டபோது ஒரு வேன் எடுத்தார். நான்கு பக்கமும் தகரம், பின்னால் ஒரு கதவு. பதிவுச் சான்றில் சரக்கு வண்டி. சரக்கு வண்டிக்கு எடையைப் பார்த்து வரி. ஆள் ஏற்றும் வண்டிக்கு இருக்கையை எண்ணி வரி. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை விளங்கும்.

சேவியரின் மீனைப் புதுக்கோட்டையிலும் சுற்றுப்புறத்திலும் கூடையில் சுமந்து விற்பவர்கள் பன்னிரண்டு பெண்கள். விடியற்காலையில் மீனோடு அவர்களையும் அதே வேனில் ஏற்றிக் கதவைச் சாத்திவிடுவார். கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து, இருட்டில், ஐஸ் தண்ணீர் காலில் ஓட, பத்து மைல். அவர்களில் மூத்தவள் ரெஜினா. சங்கு குளித்துக் காது போன கணவனை இருபது வருடமாகத் தலைச்சுமையில் காப்பாற்றுகிறவள். போன மார்கழியில் ஒருநாள் எங்கள் வாசலில் கூடையை இறக்கி வைத்தாள்.

"ஏலே சேவியரு, மீனுக்கு ஐஸ் போடுத. எங்களுக்கு ஒரு சன்னல் போடக்கூடாதா?"

"சன்னலும் பெஞ்சும் போட்டா அது வேற வண்டி ஆயிரும்க்கா. வரி வேற வரும்."

"வரி மீனுக்கா, மனுசருக்கா?"

"மனுசருக்குத்தான்."

"அப்ப இத்தன நாளும் எங்கள மீனுன்னுதான் எழுதி வச்சிருக்கியா?"

சேவியர் என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளைப் பார்த்தேன். அவள் சொன்னது சட்டப்படி சரி.

மோட்டார் பட்டறைக்காரர் சொன்ன கூலி சேவியருக்குக் கட்டுப்படியாகவில்லை. வள்ளம் கட்டும் மரியான் மேஸ்திரியைக் கூட்டிவந்தார். மேஸ்திரி அதுவரை மோட்டாரைத் தொட்டதில்லை. தகரத்தை வெட்டிப் பக்கத்துக்கு மூன்று சன்னல் வைத்தார், இழுத்து மூடும் பலகைக் கதவோடு. இரண்டு பக்கமும் நீளப் பெஞ்சு, பெஞ்சுக்கு ஆறு பேர். ஓட்டை தெரிந்த இடமெல்லாம் வள்ளத்துக்குப் பூசும் எண்ணெயைப் பூசினார். கடைசியாக, ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால் குறுக்கே தனியாக ஒரு பலகை அடித்தார்.

"இது என்னத்துக்கு, மேஸ்திரி?" என்றேன்.

"மாதா பலகை, ஐயா."

இவர் கட்டும் வள்ளம் ஒவ்வொன்றிலும் முன்பக்கம் அணியத்தில் அப்படி ஒரு பலகை உண்டு. அது மாதாவின் இடம். யாரும் உட்கார மாட்டார்கள், கால் வைக்க மாட்டார்கள், புறப்படும்போது ஒரு பூ வைப்பார்கள்.

"இது கடலுக்குப் போற வள்ளமில்லை. புதுக்கோட்டைக்குப் போற வேன்."

"ஏன், ரோட்டுல மட்டும் மாதா வேண்டாமா?"

பஸ் கூடு கட்டும் யாழ்ப்பாணத்துத் தச்சர்களோடு வாதாடி ஜெயித்தவன் நான். ஆனாலும் பலகை இருக்கட்டும் என்று விட்டேன். அந்த ஆளோடு அன்றைக்கே சண்டை பிடித்திருக்க வேண்டும்.

3

வேலை முடிந்த நான்காம் நாள் அறிவிப்பை நானே எழுதினேன். பிரதி இரண்டு, பதிவுச் சான்று, வரி மாற்ற மனு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தனிக் கடிதம். காசு வாங்கி ஆள் ஏற்றினால் வேறு அனுமதி வேண்டும். இவர்கள் சேவியரின் ஆட்கள், தொழிலுக்காகப் போகிறவர்கள் என்பதை முதல் வரியிலேயே தெளிவாக்கியிருந்தேன். ஜில்லாத் தலைநகரத்து மோட்டார் கந்தோருக்கு, இங்கே ஆபீஸ் என்கிறார்கள், ரயிலேறிப் போய் நேரில் கொடுத்தேன். குமாஸ்தா என் கையெழுத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ஐயா சிலோனா? அங்கன இப்படித்தான் அழகா எழுதுவாகளோ?"

"ஓம்," என்றேன்.

இந்த ஊரில் ஆமாம் என்றால்தான் விளங்கும். ஏதோ ஜெபத்தின் நடுவில் என்னைக் குறுக்கிட்டுவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் காத்திருந்தார். பிறகு என் காகிதங்களை மேசைமேல் வைத்து அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். இந்தியா சுதந்திரம் அடைந்து ஆறு மாதம் ஆகவில்லை அப்போது. இலங்கைக்கும் அடுத்த மாதம் கிடைத்தது. டம்ளரின் வட்டம் இரண்டு தேசத்துக் காகிதத்திலும் ஒரே அளவில்தான் விழுகிறது.

மார்ச் மாதம் மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்தார். இளைஞர், வியர்த்திருந்தார், சரியான ஆள்போலத்தான் தெரிந்தார். அளவு நாடாவை எடுத்துப் பெஞ்சில் ஓட்டினார். ஓர் ஆளுக்குப் பதினைந்து அங்குலம் கணக்கு. எந்தப் பட்டினிக்காரரை உட்கார வைத்து அந்தக் கணக்கைப் போட்டார்கள் என்று தெரியவில்லை. ரெஜினா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாடாவ என்னயச் சுத்தி ஒருக்கா ஓட்டிப் பாருங்க ஐயா. என்னய ரெண்டு ஆளுன்னு எழுதிரப்போறிய."

இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். இரண்டு பெஞ்சுக்கும் பன்னிரண்டு என்று எழுதினார். பிறகு மாதா பலகையை அளந்தார். பதினெட்டு அங்குலம். பதின்மூன்று என்று எழுதினார்.

இங்கேதான் நான் எழுந்தேன்.

"தம்பி, அதிலை ஒருத்தரும் இருக்கிறேல்லை. ஆள் இருக்காத இடம் எப்பிடி இருக்கையாகும்?"

"யாரும் உக்கார மாட்டாகன்னு நான் எப்படி ஐயா எழுத முடியும்?"

"நீர் எழுத வேண்டாம். நான் எழுதித் தாறன்."

சேவியர் என்னைத் தனியே அழைத்தார். "மாமா, ஒத்த சீட்டு வரிதானே. கட்டிட்டுப் போவோமே. கம்பெனிக்கும் பதிமூணுன்னே சொல்லிருவோம்."

அந்த ஓர் இருக்கைக்கு வருட வரி இரண்டு சீலா மீன் விலைகூட வராது. வரிக்காக நான் வாதாடவில்லை. ஓர் இளைஞர் நாடாவை மட்டும் நம்பிச் சட்டத்தை முடிவு செய்வதா என்பதுதான் என் கேள்வி. அப்படித்தான் அன்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் மற்றவர்களுடைய மனுக்களை நிராகரித்தவனுக்கு, ஒரு மனுவில் ஜெயித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கிறது. அதை அன்று சொல்லிக்கொள்ளவில்லை.

நான்கு பக்கம் எழுதினேன். இருக்கை என்ற சொல்லின் நோக்கம் என்ன, இந்தக் கரையில் வள்ளப் பலகையின் வழக்கம் என்ன, கோயில் பீடத்தில் இடம் இருப்பதால் அதை நாற்காலி என்று எண்ணுவோமா, எல்லாம் இருந்தது. இன்ஸ்பெக்டர் வாசித்துவிட்டு மடித்தார்.

"நல்லா இருக்கு ஐயா. நான் பதிமூணுன்னு எழுதுதேன். நீங்க பன்னெண்டுங்கிய. ரெண்டயும் மேல அனுப்புதேன். மேல உள்ளவுக முடிவு பண்ணட்டும்."

கம்பெனிக்கும் அதையே எழுதினேன். சென்னையிலிருந்து பதில் உடனே வந்தது. பணம் வாங்கும் கடிதங்களுக்கு உடனே பதில் வரும். மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்கள், கூடுதல் கட்டணத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆட்களின் எண்ணிக்கை என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். பதிவு அதிகாரியின் உத்தரவில் எத்தனை இருக்கையோ, உத்தரவுத் தேதியிலிருந்து அத்தனை பேருக்குப் பொறுப்பு. அதற்கு மேல் ஏறுகிற ஆளுக்குப் பொறுப்பில்லை. நியாயமான வாசகம். நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

4

ஏப்ரல் போயிற்று. மே போயிற்று. உத்தரவு வரவில்லை. நினைவூட்டல் மூன்று அனுப்பினேன். மூன்றாவதற்கு ஒரு தபால் அட்டை வந்தது: விஷயம் கவனத்தில் இருக்கிறது. கவனத்தில் இருக்கிறது என்றால் எந்த மேசையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை என்று பொருள். நானே அப்படி எத்தனை அட்டை எழுதியிருக்கிறேன்.

ஜூன் பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று கத்தோலிக்கர் இறைச்சி தொடுவதில்லை, மீன் கூடுதலாகப் போகும் என்று சேவியர் பதின்மூன்றாவதாக ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார். ஆறு மாதக் கர்ப்பிணி. பெஞ்சில் இடமில்லை. ரெஜினா தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மாதா பலகையிலிருந்த பூவை எடுத்துச் சன்னல் ஓரம் வைத்தாளாம்.

"அக்கா, அதுலயா உக்காருத?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"மாதாவும் பிள்ள பெத்தவதானே. கொஞ்சம் எந்திரிச்சுக்கோன்னா எந்திரிக்க மாட்டாளா?"

புதுக்கோட்டைக்கு இரண்டு மைல் முன்னால், விளக்கில்லாத உப்பு வண்டிக்கு ஒதுங்கப்போய் வேன் பள்ளத்தில் சாய்ந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிராய்ப்போடு தப்பினார்கள். குறுக்குப் பலகையில் தனியாக இருந்த ரெஜினா தகரத்தில் மோதினாள். வலது தோள் எலும்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர், அந்தக் கை இனித் தோளுக்கு மேல் போகாது என்றார். தலையில் கூடையைத் தாங்க வேண்டிய கை அது.

ஆஸ்பத்திரிச் செலவைச் சேவியர் பார்த்துக்கொண்டார். அதற்குமேல் அவரால் முடியாது. வேனே பட்டறையில் கிடந்தது. ரெஜினா கேட்டது ஒன்றுதான். புதுக்கோட்டைச் சந்தையில் ஒரு கடைத்திட்டு காலியாக இருந்தது. அதை எடுத்தால் உட்கார்ந்தபடியே தராசு பிடித்து விற்கலாம், ஒரு கை போதும். ஆவணிக்குள் முன்பணம் கட்டவேண்டும். கம்பெனி நஷ்டஈடு தந்தால் அவளுக்கு அந்தத் திட்டு. தராவிட்டால் காது கேளாத கணவனும் கை தூக்காத மனைவியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார வேண்டியதுதான்.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வண்டியில் இருந்தவர்கள் எத்தனை பேர், காயம்பட்டவர் எந்த இடத்தில் இருந்தார், பதிவு அதிகாரியின் உத்தரவு எங்கே என்று மூன்று கேள்வி. பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள்.

"தாத்தா, அக்கா பெஞ்சுலதான் இருந்தான்னு எழுதுங்க. பலகையில நான் இருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல, நட்டஈடும் வேண்டாம்," என்றாள் ஒருத்தி. மற்ற எல்லோரும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். எனக்கும் பேனா கையில் இருந்தது. பொய் எழுதக் கூடாது என்று என் வாயில் வரவில்லை. அதைச் சொன்னவள் ரெஜினா. கையைத் துணியில் தொங்கவிட்டபடி சுவரோரம் இருந்தாள்.

"மாதா எடத்துல இருந்துட்டு, இருக்கலன்னு சொல்லவா? அவ எந்திரிச்சுக் குடுத்த எடம்ளா அது. உள்ளத எழுதுங்க தாத்தா."

உள்ளதை எழுதினேன். ஓட்டுபவர் நீங்கலாகப் பதின்மூன்று பேர், ரெஜினா பலகையில், உத்தரவு நிலுவை. எழுதும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வாதத்தை மேலதிகாரி ஏற்றுக்கொண்டிருந்தால் இருக்கை பன்னிரண்டு. பலகை இருக்கை ஆகாது. அதில் இருந்தவள் கூடுதல் ஆள். அந்த நான்கு பக்கத்தை இப்போது எடுத்து வாசித்தேன். ஓட்டை எங்கேயும் இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல மனு எழுதியதில்லை.

வாபஸ் வாங்கலாமே என்றார் சேவியர். நடைமுறை தெரிந்தவனிடம் இப்படிக் கேட்கக் கூடாது. மேலே போன மனுவை வாபஸ் வாங்கினால் கோப்பு கீழே இறங்கும். இன்ஸ்பெக்டர் மறுபடி அளப்பார். புது உத்தரவுக்குப் புதுத் தேதி விழும். ஜூன் பதினொன்றுக்குப் பிறகு வரும் எந்தத் தேதியும் ரெஜினாவுக்குப் பயன்படாது. ஒரே வழிதான் இருந்தது. விபத்துக்கு முன்பே, யாரோ ஓர் அதிகாரி என் மனுவை வாசித்து, அதை முட்டாள்தனம் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

அப்படி ஓர் அதிகாரி இந்த நாட்டில் இருக்கவேண்டும் என்று பூசையில் முழங்காலில் நின்று கேட்டேன். அந்தக் கந்தோரைப் பற்றி ஆறு மாதமாக நான் பேசிய பேச்சுக்கெல்லாம் இதைவிட நல்ல தண்டனை யாராலும் யோசித்திருக்க முடியாது.

5

ஜூலையில் இரண்டு முறை நேரில் போனேன். டீ டம்ளர் குமாஸ்தா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், அவ்வளவு பழகிவிட்டோம்.

"உத்தரவு ஆயிட்டுதுன்னு கேள்வி ஐயா. அனுப்புற பகுதியில கிடக்கும். அந்தப் பகுதிக்காரரு லீவுல போயிருக்காரு. சாவி அவருகிட்ட."

"பன்னிரண்டோ பதின்மூன்றோ?"

"அதெல்லாம் உறைக்குள்ள இருக்கும்."

வீட்டுக்கு வந்தால் ரெஜினா வாசற்படியில் இருப்பாள். இடது கையால் ஸ்டெல்லாவுக்குத் தலை வாரப் பார்ப்பாள். "வந்துச்சா தாத்தா?" என்று கேட்பாள். "வரும்," என்பேன். அந்த மனுவை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம், வரச்சொல்லி எழுதியிருந்தார்கள். உத்தரவு வராமல் தோணி ஏற எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்டு பதினைந்து, இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை. பரலோக மாதா திருநாளும் சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவும் சேர்ந்து வந்தன. தெருவில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மரியான் மேஸ்திரி கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாதா ஒரு வழி காட்டுவா ஐயா."

"மாதா காட்டுவா. அனுப்புற பகுதிக்காரர் லீவு முடிஞ்சு வரவேணும்," என்றேன்.

மறுநாள் தபால்காரர் நீள உறை ஒன்றைக் கொடுத்தார். உள்ளே அரைப் பக்கம். என் நான்கு பக்கத்துக்கு அரைப் பக்கம். மனுதாரர் வாதம் கவனிக்கப்பட்டது. பலகை ஓர் ஆளைத் தாங்கும் அகலமும் உறுதியும் கொண்டது. யாரும் உட்காருவதில்லை என்பது இன்றைய வழக்கம் மட்டுமே. ஒருநாள் யாராவது உட்காரக்கூடும். இருக்கை பதின்மூன்று. குறைவாகக் கட்டிய வரியை உடனே கட்டவும். கீழே யாராலும் வாசிக்க முடியாத ஒரு கையெழுத்து. உத்தரவுத் தேதி ஜூன் மூன்று. விபத்துக்கு எட்டு நாள் முன்பு.

முப்பத்தைந்து மைல் வர அந்தக் காகிதத்துக்கு எழுபத்துநான்கு நாள் பிடித்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு புகார் எழுத வேண்டும், எழுதுவேன். ஆனால் முதலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வாசித்தேன். ரெஜினா படியிலிருந்து எழுந்து வந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் தோற்றால்தான் தனக்குத் திட்டு என்பது அவளுக்குத் தெரியும்.

"என்ன தாத்தா, தோத்துட்டியளா?"

"ஓம்," என்றேன். "நல்லாத் தோத்துப்போனன்."

அவள் இடது கையால் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேவியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வரி கட்டப் போனார். நான் மேசைக்குப் போனேன். கம்பெனிக்கு அனுப்பப் பிரதி எடுக்கவேண்டும். அதற்கு முன், வருகிற கடிதம் ஒவ்வொன்றுக்கும் முப்பத்தொரு வருடம் செய்ததுபோல, உத்தரவின் மேல் மூலையில் பேனாவால் எழுதினேன்: பெற்றது, 16-8-1948.